கல்லீரல் காக்கும் காப்ஸ்யூல்: நஞ்சுக்கு முன்னும் பின்னும்

கல்லீரலைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் மூலிகைக் காப்ஸ்யூல்களைத் திறந்து பார்த்தால் பெயர்தான் பல, சரக்கு சிலதான். மில்க் திசில் என்னும் முட்செடியின் விதைச்சாரம், கீழாநெல்லி, கடுகுரோகிணி, மஞ்சள், நிலவேம்பு. இவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்தால் ஒரு புதுப்பெயர் பிறந்துவிடும். இந்தக் கூட்டத்தில் தனியே எடுத்து எடைபோடத் தகுந்தது மில்க் திசில் சாரமான சிலிமரின். எலியைத் தாண்டி, நஞ்சு உண்ட மனிதரின் படுக்கைவரை போய்ச் சேர்ந்த சரக்கு அது. எனவே இந்த மதிப்பீடு பெரும்பகுதி அதைப் பற்றியது. மற்றவை வழியில் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாரத்தின் அளவை ஒளிக்காமல் எழுதிய, ஒற்றைச் சரக்கு சிலிமரின் காப்ஸ்யூல் என்றால், தீங்கு குறைவான, பயனும் மிதமான பொருள். நஞ்சுமுறிவு என்று நினைத்து வாங்கினால் காசு வீண். அதை நம்பி மருத்துவமனைக்குப் போகத் தாமதித்தால் உயிருக்கே கேடு. எந்தச் செடி என்று கேட்பதற்கு முன், நஞ்சு உள்ளே போவதற்கு முன்பா பின்பா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான டப்பாக்களிடம் பதில் இல்லை.

உள்ளே இருப்பது என்ன? சிலிமரின் என்பது ஒரே பொருள் அல்ல. சிலிபின் ஏ, சிலிபின் பி, ஐசோசிலிபின்கள், சிலிகிரிஸ்டின், சிலிடயானின், கொஞ்சம் டாக்சிஃபோலின் எல்லாம் சேர்ந்த கலவை. சிலிபின் இரண்டையும் சேர்த்துச் சிலிபினின் என்பார்கள். கலவையில் ஏறக்குறைய பாதி அதுதான். உலர்ந்த விதையில் சிலிமரின் 1.5 முதல் 3 விழுக்காடுவரைதான் இருக்கும். மீதியில் கால்பங்குக்கு எண்ணெய். அதனால் முதலில் எண்ணெயை நீக்கி, பிறகு எத்தில் அசிட்டேட் அல்லது அசிட்டோன் போன்ற கரைப்பானில் சாரம் இறக்குகிறார்கள். தண்ணீரில் சிலிமரின் கரைவதே இல்லை என்று சொல்லலாம். மில்க் திசில் தேநீர் பொட்டலங்களை இங்கேயே ஒதுக்கிவிடலாம். கொதிநீரில் இறங்குவது மிகச் சொற்பம்.

லேபிளைப் படிக்கும்போது கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். தரமான சாரத்தில் செடிக்கும் சாரத்துக்கும் உள்ள விகிதம் 40-க்கு 1 என்ற அளவில் இருக்கும். ஐரோப்பிய மருந்து நெறிகளில் எத்தில் அசிட்டேட் சாரத்துக்கு 36 முதல் 44 வரை என்று குறிப்பிடுவார்கள். 7 கிராம் விதையிலிருந்து 175 மில்லிகிராம் சாரம், அதில் 80 விழுக்காடு சிலிமரின் என்றால் 140 மில்லிகிராம். இதுதான் பல ஆய்வுகளில் நாளுக்கு மூன்று வேளை கொடுக்கப்பட்ட ஒரு வேளை அளவு. இப்போது இன்னொரு டப்பாவைப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘மில்க் திசில் 1000 மி.கி.’, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘4:1 சாரம் 250 மி.கி., 1000 மி.கி. விதைக்குச் சமம்’. 1000 மில்லிகிராம் விதையில் 2 விழுக்காடு என்று வைத்தாலும் சிலிமரின் 20 மில்லிகிராம்தான். முன்பக்க எண் பெரிது. உள்ளிருப்பது ஏழில் ஒரு பங்கு. சிலிமரின் இத்தனை மில்லிகிராம் என்று தனியாக எழுதாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

‘80 விழுக்காடு’ என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எந்த முறையில் அளந்தார்கள்? புற ஊதா ஒளி உறிஞ்சுதலைக் கொண்டு அளந்தால், அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் எல்லாப் பொருளும் சிலிமரினாகவே எண்ணப்படும். எச்.பி.எல்.சி. முறையில் ஒவ்வொரு மூலக்கூறையும் பிரித்து அளந்தால் அதே சாரத்தின் எண் கணிசமாகக் கீழே இறங்கும். இரண்டும் பொய்யல்ல, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாதவை. ஒரு டப்பாவில் 80, இன்னொன்றில் 60 என்று பார்த்து முதலாவதே உசத்தி என்று எடுத்தால், உண்மையில் குறைவான சரக்கை எடுத்திருக்கலாம். பேட்ச் ஆய்வறிக்கையைக் கேட்டால் எச்.பி.எல்.சி. எண்ணைத் தருகிற நிறுவனத்துக்கு முதலிடம் கொடுங்கள். அதே அறிக்கையில் கரைப்பான் மிச்சம், காரீயம், காட்மியம் ஆகியவையும் இருக்க வேண்டும். மூலிகைச் சரக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு கிலோவுக்குக் காரீயம் 10 மி.கி., காட்மியம் 0.3 மி.கி.

பூஞ்சை நஞ்சுப் பரிசோதனையும் கேட்க வேண்டும். மில்க் திசிலுக்கு இது மிகவும் முக்கியம். இந்தச் செடியின் விதையில் ஃபியூசேரியம், ஆல்டர்னேரியா வகைப் பூஞ்சைகள் எளிதில் ஏறும். சந்தையில் வாங்கிய மில்க் திசில் மாத்திரைகளில் அவற்றின் நஞ்சுகள் மிகுதியாகக் கண்டறியப்பட்டிருக்கின்றன. கல்லீரலைக் காக்க வாங்கிய குப்பியிலிருந்தே கல்லீரலுக்கு நஞ்சு போனால் அதைவிடக் கொடுமை வேறென்ன. அரைத்த விதைப்பொடியில் இந்த அபாயம் கூடுதல். நாள்தோறும் விழுங்கும் பொடியின் அளவு அதிகம் என்பதும் ஒரு காரணம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. காப்ஸ்யூலைத் திறந்து பொடியை வெள்ளைத் தாளில் கொட்டி, மேலே இன்னொரு தாளை வைத்து அழுத்தி ஒரு மணிநேரம் விடுங்கள். எண்ணெய்க் கறை படர்ந்தால் அது சாரம் அல்ல, அரைத்த விதை. அல்லது எண்ணெய் சரியாக நீக்காத சரக்கு. இரண்டாவது, அரை டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது. சாதாரண சிலிமரின் சாரம் இளமஞ்சளாகக் கலங்கி, பிறகு அடியில் படியும். பளிச்சென்று கரைந்துபோனால் பெரும்பகுதி நிரப்புப்பொருள் என்று சந்தேகிக்கலாம். நீரில் கரைவதற்கென்றே பதப்படுத்திய வகைகள் விதிவிலக்கு. அவற்றின் லேபிளில் அது எழுதியிருக்கும். இந்தச் சோதனைகள் சரக்கு எவ்வளவு என்று சொல்லாது, மோசமான ஏமாற்றை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

பாஸ்பாடிடைல்கோலின் என்னும் கொழுப்புப்பொருள் சேர்த்த வகைக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். இரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு கூடுவது உண்மை. சாதாரண சிலிமரினில் விழுங்கியதில் பாதிக்கும் குறைவாகவே உடலுக்குள் போகிறது. போனதையும் கல்லீரல் விரைவில் குளூக்குரோனைடு என்னும் எளிதில் வெளியேறும் வடிவமாக மாற்றிப் பித்தத்தில் தள்ளிவிடுகிறது. சில மணிநேரத்தில் இரத்த அளவு பாதியாகிவிடுவதால்தான் ஒரே வேளையாக இல்லாமல் மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். இரத்த அளவு கூடினால் நோயாளிக்குப் பலன் கூடுமா என்பது வேறு கேள்வி. அந்தப் பாலத்தை விளம்பரங்கள் ஒரே தாவலில் தாண்டிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று டப்பாவில் எழுதும்போது பெரும்பாலும் அவர்கள் சொல்வது எலிச் சோதனையை. அதன் அமைப்பு அனேகமாக ஒரே மாதிரி இருக்கும். எலிகளுக்கு ஏழு நாளோ பதினான்கு நாளோ செடிச்சாரம் கொடுப்பார்கள். கடைசி நாளில் ஆலிவ் எண்ணெயில் கலந்த கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் கரைப்பான் நஞ்சோ, மிகுதியான பாராசிட்டமாலோ கொடுப்பார்கள். 24 மணிநேரம் கழித்து இரத்தம் எடுத்து கல்லீரல் செல் சிதைந்தால் இரத்தத்தில் கசியும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. நொதிகளைப் பார்ப்பார்கள். சாரம் பெற்ற எலிகளில் எண் குறைவு, திசு வெட்டில் செத்த செல்கள் குறைவு. எனவே இந்தச் செடி கல்லீரலைக் காக்கிறது என்று முடிப்பார்கள்.

இதில் எங்கே சறுக்குகிறது? கார்பன் டெட்ராகுளோரைடு தானாகக் கல்லீரலைக் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் 2ஈ1 என்னும் நொதி அதைப் பிடித்து டிரைகுளோரோமெத்தில் என்ற தீவிரத் துணுக்காக மாற்றுகிறது. அது செல்சவ்வின் கொழுப்பைத் தொடர்ச்சியாக எரிக்கிறது. அந்த நொதி மிகுந்திருக்கும் இடம் மையச் சிரையைச் சுற்றியுள்ள பகுதி. செல்கள் சாவதும் அங்கேதான். பாராசிட்டமாலிலும் இதே நொதிக்குப் பெரும்பங்கு. அது உண்டாக்கும் நாப்கி என்னும் நச்சுப்பொருளைக் கல்லீரலின் சொந்தக் காவல்பொருளான குளூட்டாதயோன் அணைத்துக்கொண்டிருக்கும்வரை ஆபத்தில்லை. குளூட்டாதயோன் கையிருப்பு ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் நாப்கி செல்லின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. இப்போது, முன்கூட்டியே கொடுத்த செடிச்சாரம் அந்த நொதியைத் தடுத்துவிட்டால்? நஞ்சு உருவாகவே இல்லை. கல்லீரல் பளபளவென்று இருக்கும். காக்கும் ஆற்றல் என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறவருக்கு நஞ்சு ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கிறது. தீ மூட்டுபவனைக் கட்டிப்போடுவது வேறு, எரிகிற கூரையை அணைப்பது வேறு.

இந்தத் தந்திரம் சாரத்தினாலும் நேரலாம், சாரத்தைக் கரைத்த திரவத்தினாலும் நேரலாம். டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் கரைப்பானே அந்த நொதியைத் தடுக்கும். அதில் கரைத்த எந்தச் செடியும் பாராசிட்டமாலிலிருந்து எலியைக் காப்பாற்றும். நஞ்சையும் சாரத்தையும் ஒரு மணிநேர இடைவெளியில் வாய்வழியே கொடுத்தால் இன்னொரு குழப்பம்: சாரம் குடலிலேயே நஞ்சின் உறிஞ்சுதலைக் குறைத்திருக்கலாம். ஆய்வைப் படிக்கும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். நஞ்சு கொடுத்து அரைமணிக்குள் கல்லீரல் குளூட்டாதயோனை அளந்தார்களா? சாரம் பெற்ற எலியிலும் அது சரிந்திருந்தால்தான் நஞ்சு உருவானது என்று பொருள். அடுத்து, நஞ்சுக்கு 2 மணிநேரம் கழித்துச் சாரம் கொடுத்த ஒரு கூட்டம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்த ஆய்வை டப்பாவில் அச்சிடலாம், நோயாளிக்குச் சொல்ல முடியாது. பாராசிட்டமாலுக்குப் பெரிய எலியைத் தேர்ந்தெடுத்த ஆய்வுகளிலும் எச்சரிக்கை தேவை. அதன் கல்லீரல் இந்த நஞ்சை நன்றாகத் தாங்கும். மனிதக் கல்லீரலின் போக்குக்கு நெருங்கி வருவது சுண்டெலி.

அளவுக் கணக்கும் செய்து பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்று இருந்தால், மனித அளவுக்கு 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 32 மி.கி. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 1.9 கிராம் சாரம். அந்தச் சாரம் செடியிலிருந்து 10 விழுக்காடு இறங்குகிறது என்றால் 19 கிராம் உலர்ந்த செடி, நாள்தோறும். டப்பாவில் உள்ளது 250 மி.கி. செடிப்பொடி. எலியின் பெயரைச் சொல்லி விற்கிறவர் எலியின் அளவைச் சொல்வதில்லை.

சிலிமரினுக்குத் தனி இடம் கிடைத்தது எப்படி என்றால், அதன் ஒரு வடிவம் பின்னால் கொடுத்தும் வேலை செய்தது. அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் கொடிய காளான். அதன் அமானிட்டின் நஞ்சு செல்லின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 நொதியை முடக்கும். புரதம் தயாரிக்க முடியாமல் கல்லீரல் செல்கள் செத்துப்போகும். கிலோவுக்கு 0.1 மி.கி. போதும், ஒரு பெரிய காளானிலேயே ஓர் ஆளைக் கொல்லும் அளவு இருக்கலாம். 1984-இல் வெளியான பீகிள் நாய்ச் சோதனையில், காளான் கொடுத்து 5 மணிநேரத்திலும் 24 மணிநேரத்திலும் சிலிபினினை ஊசிவழி கிலோவுக்கு 50 மி.கி. ஏற்றினார்கள். மருந்து பெறாத 12 நாய்களில் 4 இறந்தன. பெற்றவற்றில் ஒன்றும் சாகவில்லை. அமானிட்டின் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் ஓ.ஏ.டி.பி.1பி3 என்னும் கடத்தியைச் சிலிபினின் அடைக்கிறது. பித்தத்தில் வெளியேறிய நஞ்சு குடலிலிருந்து மறுபடி கல்லீரலுக்குத் திரும்பிவரும் சுற்று நடந்துகொண்டே இருப்பதால், தாமதமாக அடைத்தாலும் பலன் உண்டு. காலம் கடந்தபின் உதவுவதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது. மற்ற மூலிகைகளின் ‘பாதுகாப்பு’க் கதைகளில் பெரும்பாலும் இல்லாதது அதுதான்.

ஐரோப்பாவில் இது லீகலான் எஸ்.ஐ.எல். என்ற பெயரில் கிடைக்கும் ஊசி மருந்து. சிலிபினினை நீரில் கரையும் உப்பாக மாற்றியது. கிலோவுக்கு 20 மி.கி. ஒரு நாளைக்கு, நான்கு தவணை, ஒவ்வொன்றும் 2 மணிநேரம் சொட்டுச்சொட்டாக. காளான் உண்ட 48 மணிநேரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்பார்கள். இதற்கும் குலுக்கல்முறை மனித ஆய்வு கிடையாது. நோயாளிகளின் பதிவுத் தொகுப்புகளே ஆதாரம். அதுவும் தனியாகக் கொடுப்பதல்ல. திரவம் ஏற்றுதல், கரித்தூள், என்-அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்து எல்லாம் சேர்த்து, மிஞ்சிப்போனால் கல்லீரல் மாற்று.

இந்த ஊசியின் பெயரைக் காட்டித்தான் காப்ஸ்யூல் விற்கப்படுகிறது என்பதால் கணக்கு அவசியம். 60 கிலோ ஆளுக்கு ஊசிவழி ஒரு நாளில் 1200 மி.கி. சிலிபினின் நேராக இரத்தத்தில் போகிறது. 140 மி.கி. சிலிமரின் காப்ஸ்யூலில் சிலிபினின் சுமார் 70. உறிஞ்சப்படுவது 35-க்கும் குறைவு. முப்பது நாற்பது காப்ஸ்யூல் விழுங்கினாலும் கணக்கு நேராகாது, அதுவும் இடைவிடாமல் வாந்தி எடுக்கிற ஒருவருக்கு. ஆபத்து வேறிடத்தில்: காளான் நஞ்சில் முதல் 6 மணிநேரமாவது ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் வாந்தி, பேதி, அதன்பின் ‘சரியாகிவிட்டது’ போன்ற ஓர் இடைவெளி வரும். கல்லீரல் அழிவது அந்த அமைதியில்தான். அந்த நேரத்தில் காப்ஸ்யூல் சாப்பிட்டவர் அதுவே குணமாக்கியது என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார்.

மற்ற நஞ்சுகளுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். பாராசிட்டமால் மிகுதி என்றால் என்-அசிட்டைல்சிஸ்டீன் மட்டுமே பேச்சு. கிலோவுக்கு 150 மி.கி., பிறகு 4 மணிநேரத்தில் 50, அடுத்த 16 மணிநேரத்தில் 100 என்பது பழகிய ஊசிமுறை. 8 மணிநேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுதும் தப்பும். அந்த 8 மணிநேரத்தில் ஒரு மணியைக்கூட மூலிகைக்குச் செலவிடக்கூடாது. காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றை உடலிலிருந்து பிடித்து இழுக்க அதற்கென்று மருந்துகள் உண்டு. செடிச்சாரம் அவற்றைப் பற்றாது. காசநோய் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைச் சிலிமரின் தடுக்குமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்க வேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஜென்டாமைசின் (கிருமிக்கொல்லி), சிஸ்பிளாட்டின் (புற்றுநோய் மருந்து) கொடுத்த எலிகளைப் பல செடிகள் காத்ததாகச் சொல்வதும் முன்கூட்டியே கொடுத்த கதைதான். ஜென்டாமைசினை மூன்று வேளைக்குப் பதில் ஒரே வேளையாகக் கொடுப்பது, சிஸ்பிளாட்டினுக்குத் திரவம் போதுமான அளவு ஏற்றுவது ஆகியவை எந்த மூலிகையையும்விட நன்கு சோதித்த காவல். சிறுநீரகத்துக்கு இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்னும் கழிவை மட்டும் அளந்த ஆய்வையும் நம்ப வேண்டாம். வடிகட்டும் திறன் பாதியளவு குறையும்வரை அது பெரிதாக அசையாது.

நாள்பட்ட கல்லீரல் நோயில் மனித ஆய்வுகள் இப்படி: 1989-இல் வெளியான 170 பேர் ஆய்வில், குடியால் கல்லீரல் சுருங்கியவர்களின் ஆயுள் சிலிமரினால் கூடியது. 1998-இல் வெளியான 200 பேர் ஆய்வில் கூடவில்லை. 2012-இல் ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 154 பேருக்கு 420 அல்லது 700 மி.கி. வீதம் மூன்று வேளை, 24 வாரம் கொடுத்துப் பார்த்ததில், வெற்று மாத்திரையைவிட எஸ்.ஜி.பி.டி. பொருட்படுத்தத்தக்க அளவில் இறங்கவில்லை. அந்த 700 மி.கி. வழக்கமான அளவைப்போல் ஐந்து மடங்கு என்பதைக் கவனியுங்கள். ‘அளவு போதவில்லை’ என்ற சாக்கு அதோடு போயிற்று. நல்ல செய்தி, அவ்வளவு கொடுத்தும் பெரிய பக்கவிளைவு இல்லை. இளகிய மலம், வயிற்று உப்புசம், சிலருக்கு ஒவ்வாமை. பார்த்தீனியமும் சாமந்தியும் இதே குடும்பம். அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் தள்ளியிருக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும் சர்க்கரை மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் தொடங்கக்கூடாது.

ஆய்வுக்கூடத்துக்குச் சிலிமரின் வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். புதுச்செடியோடு ஒத்துப்பார்க்கும் ஒப்பீட்டு மருந்தாக எலிக்குக் கிலோவுக்கு 100 மி.கி. கொடுக்கும்போது அதைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் கொடுத்தால், மேலிருந்து எடுத்த முதல் எலிக்குக் குறைவும், அடியிலிருந்து எடுத்த கடைசி எலிக்கு மிகுதியும் போகும். பொடியை முதலில் ஒரு துளி ட்வீன் 80 விட்டுக் கல்வத்தில் பசைபோல் அரைத்து, பிறகு 0.5 விழுக்காடு கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கிலோவுக்கு 10 மில்லி என்ற கணக்கில் மில்லிக்கு 10 மி.கி. வரும். அன்றன்று தயாரித்து, ஒவ்வொரு முறை சிரிஞ்சில் எடுக்கும்முன்பும் குலுக்க வேண்டும். அதே ட்வீன், செல்லுலோஸ் கலவையை மட்டும் பெறும் ஒரு கூட்டம் கட்டாயம். ஒப்பீட்டு மருந்து மோசமாக வேலை செய்தால் புதுச்செடி ‘சிலிமரினுக்கு நிகர்’ ஆகிவிடுகிறது. அப்படி நிகரானவை எத்தனையோ.

கலவைக் காப்ஸ்யூல்களின் மற்ற சரக்குகளில் கீழாநெல்லிக்குப் புகழ் வந்தது நஞ்சினால் அல்ல, வைரஸால். 1988-இல் சென்னைக் குழு வெளியிட்ட ஆய்வில் 200 மி.கி. மூன்று வேளை, 30 நாள் எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி மேற்புற ஆன்டிஜென் (வைரஸ் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு. பிற இடங்களில் செய்துபார்த்தபோது அந்த விளைவு திரும்ப வரவில்லை. செடி அடையாளமும் ஒரு சிக்கல்: கீழாநெல்லி, அதாவது பில்லாந்தஸ் அமாரஸ், என்று பறித்த கட்டில் யூரினேரியாவும் மற்ற இனங்களும் கலந்திருக்கும். யூரினேரியாவின் காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். அமாரஸின் காய் சிறு காம்பில் மழமழவென்று தொங்கும். பொடியான பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. அடையாளப்பொருளான ஃபில்லாந்தின் எவ்வளவு என்று கேட்க வேண்டும். கடுகுரோகிணிக்கு ஆய்வுக்கூட ஆதாரம் நன்றாகவே இருக்கிறது, காளான் நஞ்சிலும்கூட. ஆனால் இமயத்தில் அருகிவரும் செடி. வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பது. மலிவாகக் கிடைத்தால் கலப்படம் என்று கொள்ளலாம்.

மஞ்சள் சாரத்தோடு மிளகின் பைப்பரினும் சேர்த்த காப்ஸ்யூலை ‘கல்லீரல் காவல்’ என்று எடுப்பவர்கள் நிற்க வேண்டிய இடம் இது. 2022-இல் அமெரிக்க மருந்துவழிக் கல்லீரல் பாதிப்புக் கண்காணிப்புக் குழு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பதிவு செய்தது. 7 பேரிடம் எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. குழம்பில் போடும் மஞ்சள் அல்ல இது. உறிஞ்சுதலைக் கூட்டிச் செறிவாக்கிய சாரம். பச்சைத் தேயிலைச் சாரத்திலும் இதே கதை: அதன் முக்கியப் பொருளான ஈ.ஜி.சி.ஜி. நாளுக்கு 800 மி.கி. தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. சீந்தில் எடுத்தவர்களிடம் தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். இவை மூன்றும் ஒரே குப்பியில் சேர்ந்துவரும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை என்ற பெயர்களை உட்பொருள் பட்டியலில் கண்டால் குப்பியை அப்படியே வைத்துவிடுங்கள். பாம்புக்கடிக்கு என்று பெயர்பெற்ற செடிகள். அவற்றின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சுருக்கும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் தரும். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடைகுறைப்பு மாத்திரையில் ஒரு செடிக்குப் பதில் இதே இனச்செடி மாறிப்போய், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது.

எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தால், தொடங்கும் முன்பே எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் எடுத்து வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி. இறங்கிய எண்ணுக்கு உடனே காப்ஸ்யூலுக்கு மாலை போட வேண்டாம். காரணம் நீங்கியதும் எஸ்.ஜி.பி.டி. ஏறக்குறைய 2 நாளுக்கு ஒருமுறை பாதியாகும்: 2000 இருந்தது 6 நாளில் 250 ஆவது, எதுவும் சாப்பிடாமலே நடக்கும். நொதிகள் இறங்கும்போது இரத்தம் உறையும் நேரம் நீண்டுகொண்டே போனால் அது குணமல்ல, கசிவதற்கு உயிருள்ள செல் மிச்சமில்லை என்ற அறிகுறி. மாறாக, எஸ்.ஜி.பி.டி. மேல்வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறி, பிலிருபினும் இரு மடங்கைத் தாண்டினால், அல்லது கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, அரிப்பு தொடங்கினால் அன்றே நிறுத்த வேண்டும். குப்பியைக் குப்பையில் போடாமல், பேட்ச் எண் தெரிகிறபடி, மிச்சமுள்ள காப்ஸ்யூல்களோடு மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். உள்ளே உண்மையில் என்ன இருந்தது என்று சோதிக்க அவைதான் வேண்டும்.